கடைசிக் காயை வெட்டுவது

சதுரங்கம் ஆடத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். தெரிந்தவர்களுக்குத்தான் சில இடங்களில் பொறுமை வேண்டியிருக்கும். எனக்கு அக்கறை ஆட்டத்தின் ஒரே ஒரு கட்டத்தில். கையில் கொஞ்சம் கூடுதலாக இருப்பவன், மிச்சமிருக்கிற காய்களை எதிராளியுடன் வெட்டுக்கு வெட்டாக மாற்றிக்கொண்டு, ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் நிற்கும் நிலைக்கு ஆட்டத்தை இறக்கிவிடுகிறான் அல்லவா, அந்தக் கட்டம். ஜெயிப்பதற்கு இதைவிட நேரான வழி இல்லை என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். நாலு பக்கம் தள்ளி, இதைவிட ஆழமான குழியும் இல்லை என்று அதே புத்தகங்களே சொல்லும். கம்ப்யூட்டர் புரோகிராம்கள் இந்த இடத்தை எப்படிக் கடந்தன என்பது சதுரங்கக்காரர்களின் உள்வீட்டு விஷயம் மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

சேத்துப்பட்டில் எனக்கு ஆட்டத் துணை ஒரு தறிக்காரர். ஆரணிப் பட்டு என்று பெயர் சொல்லி விற்கிற சேலைகளில் ஒரு பங்கு, ஆரணியைச் சுற்றிய இந்த மாதிரி ஊர்களின் குழித்தறிகளிலிருந்து போவதுதான். அவருக்கு ஆட்டத் துவக்கம் என்பதெல்லாம் கிடையாது. ஏதோ நகர்த்துவார். நடு ஆட்டத்திலும் அலட்டிக்கொள்ள மாட்டார். காய் குறையக் குறைய ஆள் மாறிவிடுவார். யானைக்கு யானை வெட்டலாம் என்ற நிலை வந்துவிட்டால், சட்டென்று கை நீட்டவே மாட்டார். விரலை மடக்கி எண்ணத் தொடங்குவார். உதடு அசையும். லூர்து மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்து, டீ ஆடை கட்டி, எனக்கு எரிச்சல் வந்து, அதற்கப்புறம்தான் வெட்டுவார், அல்லது வெட்டாமல் யானையை ஓரமாக இழுத்துக்கொள்வார். “வெட்டிட்டு அப்புறம் எண்ணிகினு இருந்தா ஆவுமா சார்?” என்பார்.

அவருக்கு யாரும் இதைப் புத்தகத்திலிருந்து சொல்லித் தரவில்லை. நான் புத்தகத்திலிருந்து கற்றவன். எழுபதுகளில் நியூ செஞ்சுரியின் புத்தகக் கண்காட்சிகளில் சோவியத் புத்தகங்கள் சல்லிசாகக் கிடைத்தன. டால்ஸ்டாய் வாங்கப் போய்ச் சதுரங்கப் புத்தகமும் வாங்கி வந்தவர்கள் இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களிலேயே சிலர் இருக்கக்கூடும். சிப்பாய் முடிவாட்டங்களைப் பெரும் தொகுதியாகத் தொகுத்தவர்களில் முக்கியமானவர் யூரி அவெர்பாக். நூறு வயதைத் தாண்டி, 2022ல் இறந்தார். அவருடைய புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் நாலைந்து காய்கள்தான் நிற்கும். கவிதையைப் போல நிறைய வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் எல்லாம் நடக்கும்.

முதலில் விலைப்பட்டியல். 1950ல் க்ளாட் ஷானன், கம்ப்யூட்டருக்குச் சதுரங்கம் ஆடக் கற்றுத் தருவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் வந்த புரோகிராம்களுக்கெல்லாம் அஸ்திவாரம் அது. அதில் காய்களுக்கு விலை போட்டிருக்கிறது: ராணி 9, யானை 5, குறுக்கே போகிற மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. ஒன்றன்பின் ஒன்றாக முட்டி நிற்கும் சிப்பாய்க்கும் துணையற்று நிற்கும் சிப்பாய்க்கும் அரைப் புள்ளி கழிவு. ராஜாவுக்கு 200, அதாவது விற்பனைக்கில்லை. இரண்டு பக்கமும் கூட்டிக் கழித்தால் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது ஒரு எண்ணாக வந்துவிடும். ஷானனுக்கு இந்த எண்ணைப் பற்றி மாயை ஒன்றும் இல்லை. உத்தேசம் என்று தெரிந்துதான் எழுதினார். அவருக்குப் பின்னால் வந்த யந்திரங்களுக்கு அந்தச் சந்தேகம் கிடையாது.

இந்த எண்ணிலிருந்து ஒரு விதி தானாகவே பிறக்கிறது. முன்னிலையில் இருக்கிறாயா, காய்களை வெட்டு, சிப்பாய்களை வைத்துக்கொள். பத்துக்கு ஒன்பது என்பது பெரிய வித்தியாசமில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்பது எல்லாமே. கடைக்காரன் கணக்கு. பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் கடைசிக் காயை வெட்டும்போது மட்டும் அது காலை வாரிவிடும்.

காரணம் இது. பலகையில் ஒரு யானையாவது இருக்கும்வரை ஒரு நிலைமைக்குக் கொஞ்சம் நல்லது, கொஞ்சம் மோசம் என்ற தரங்கள் உண்டு. தவறினால் திருத்திக்கொள்ளலாம். ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சியபின் தரங்கள் மறைந்துவிடுகின்றன. ஜெயம், தோல்வி, டிரா, மூன்றே மூன்று. அந்த மூன்றில் எது என்பதை ‘எத்தனை’ என்ற கேள்வி தீர்மானிப்பதில்லை, ‘இப்போது யார் முறை’ என்ற கேள்வி தீர்மானிக்கிறது. ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருப்பவன், அந்தச் சிப்பாய் பலகையின் ஓரக் கட்டத்தில் இருந்துவிட்டால், எதிரி ராஜா மூலையில் போய் உட்கார்ந்துகொண்டால், ஆயுள் முழுக்க ஆடினாலும் டிராதான். அந்த ஓரச் சிப்பாயோடு ஒரு மந்திரியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்பாய் ராணியாக வேண்டிய மூலைக் கட்டத்தின் நிறத்தில் அந்த மந்திரி ஓடாவிட்டால் அப்போதும் டிராதான். விலைப்பட்டியலில் நாலு புள்ளி கூடுதல், பலகையில் ஒன்றுமில்லை. பழைய புரோகிராம்கள் இந்த நாலு புள்ளியைப் பார்த்துவிட்டு, ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டங்களை இந்த நிலைக்குள் இழுத்துக்கொண்டு வந்து விழுந்தன.

இரண்டு ராஜாக்கள் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேராக நிற்கும்போது, யார் நகர்த்த வேண்டுமோ அவர் வழிவிட வேண்டியிருக்கிறது. இதற்கு ஆங்கிலப் புத்தகங்களில் ‘ஆப்போசிஷன்’ என்று பெயர். தறிக்காரர் ‘முட்டு’ என்கிறார். “முட்டு நம்ம கையில இருக்குது” என்றால் அவர் ஜெயிக்கப் போகிறார் என்று அர்த்தம். நானும் இனி முட்டு என்றே சொல்கிறேன்.

புரோகிராம் எப்படி யோசிக்கிறது? யோசிக்கிறது என்ற சொல்லைச் சௌகரியத்துக்காக வைத்துக்கொள்வோம். நான் இது செய்தால் அவன் அது, அதற்கு நான் இது என்று கிளைகிளையாகப் பார்த்துக்கொண்டே போய், ஒரு ஆழத்தில் நின்று, அங்கே விலைப்பட்டியலைப் போட்டு எண்ணைக் கொண்டு வருகிறது. நின்ற இடத்துக்கு அடுத்த அடியில் பள்ளம் இருந்தால் தெரியாது. இதற்கு ‘தொடுவான விளைவு’ என்று ஹான்ஸ் பெர்லினர் 1970களில் பெயர் வைத்தார். நடு ஆட்டத்தில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது, எட்டு பத்து நகர்வுக்குள் ஏதாவது வெடித்துவிடும். சிப்பாய் ஆட்டத்தில் ஒன்றும் வெடிக்காது. இருபது இருபத்தைந்து அரை நகர்வுகளுக்கு ராஜாக்கள் சும்மா உலாத்திக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கும். அதன் முடிவில் ஒரு சிப்பாய் விழும். அது யாருடையது என்பது முதல் நகர்விலேயே தீர்மானமாகிவிட்டிருக்கும்.

புரோகிராம் எழுதியவர்களுக்கு இது தெரியாமலில்லை. அதனால் ஒட்டுப்போட்டார்கள். கடைசிக் காய் வெட்டப்படும் கிளை வந்தால் அங்கே மட்டும் வழக்கத்தைவிடச் சில அடிகள் கூடுதலாகப் பார் என்று பலர் தனி விதி எழுதினார்கள். நம் தறிக்காரர் டீயை ஆறவிட்டு விரல் மடக்குவது இதேதான். வேறெங்கும் காட்டாத நிதானத்தை அந்த ஒரு வாசலில் காட்டுவது. யந்திரத்தைப் பற்றிய எவ்வளவோ தகவல்களில் எனக்கு இது ஒன்றுதான் கொஞ்சம் நெருக்கமாகப் படுகிறது.

இன்னொரு ஒட்டு இன்னும் சுவாரஸ்யம். தேடலைச் சுருக்குவதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ‘இந்த முறை நான் ஒன்றுமே செய்யாமல் எதிரிக்கு விட்டுக்கொடுத்தாலும் என் நிலைமை நன்றாகத்தான் இருக்கிறதா? அப்படியென்றால் இந்தக் கிளையை மேலே பார்க்க வேண்டாம்.’ இதனால் எவ்வளவோ நேரம் மிச்சம். இதற்கு அடியில் இருக்கும் நம்பிக்கை: நகர்த்தும் முறை கையில் இருப்பது என்றைக்கும் லாபமே. சதுரங்கத்தின் பெரும்பகுதிக்கு அது உண்மை. சிப்பாய் ஆட்டத்தில் பொய். இங்கே நகர்த்த நேர்ந்தவன்தான் தோற்கிறான். சும்மா இருக்க முடிந்தால் பிழைத்துப்போவான், ஆனால் சும்மா இருக்க விதி இடம் தருவதில்லை. ஜெர்மன்காரர்கள் இந்தக் கட்டாயத்துக்கு ‘ஸுக்ஸ்வாங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திருவண்ணாமலைக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சும்மா இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, பலகையில் ராஜாவும் சிப்பாயும் மட்டும் இருக்கும்போது அந்தக் குறுக்கு வழியை மூடிவிடு என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

1970களில் மாண்டி நியூபார்ன் சிப்பாய் ஆட்டத்துக்காகவே ஒரு புரோகிராம் எழுதினார். பெயர் ‘பெஸன்ட்’, குடியானவன். ஜெர்மனில் சிப்பாய்க்குக் குடியானவன் என்றுதான் பெயர் என்பதைத் தெரிந்துகொண்டால் சிலேடை புரியும். அந்தக் குடியானவனால் தாண்ட முடியாத வரப்பு ஒன்று இருந்தது. ரூபன் ஃபைனின் 1941ஆம் வருஷத்து முடிவாட்டப் புத்தகத்தில் 70ஆம் எண் படம். மூலம் அதற்கும் பழையது: 1901ல் அப்போதைய உலக சாம்பியன் லாஸ்கரும் ரைக்ஹெல்மும் சம்பந்தப்பட்டது. வெள்ளைக்கு 4 சிப்பாய், கறுப்புக்கு 3. எல்லாம் ஒன்றையொன்று முட்டி இறுகிவிட்டன, ஒன்றும் அசையாது. நகரக்கூடியவை இரண்டு ராஜாக்கள்தான். வெள்ளை ராஜா மூலையில் இருக்கிறது. வெள்ளை நகர்த்தி ஜெயிக்க வேண்டும். எவனும் ராஜாவை முன்னால், பலகையின் நடுவை நோக்கித்தான் நகர்த்துவான். அது டிரா. அடிவரிசையிலேயே பக்கவாட்டில் ஒரு கட்டம், முன்னேற்றம் என்று சொல்லவே முடியாத ஒரு நகர்வு, அது மட்டும்தான் ஜெயம். எதிரி ராஜா எந்தக் கட்டத்துக்கு வந்தால் நான் எந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும் என்று கட்டத்துக்குக் கட்டம் ஜோடி இருக்கிறது. அந்த ஜோடியைத் தவறவிடாமல் இருக்கத்தான் இந்தச் சுற்றுவழி. முட்டை எட்ட இருந்தே பிடிக்கும் கலை.

தேடித்தேடிப் பார்க்கும் யந்திரத்துக்கு இது பல வருஷம் எட்டவில்லை. பிறகு எட்டியது. எப்படி என்பதுதான் விஷயம். இறுகிப்போன சிப்பாய்களை விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு ராஜாவுக்கு 64 கட்டம், இன்னொன்றுக்கு 64, யார் முறை என்பதற்கு 2. பெருக்கினால் 8192. ராஜா நிற்க முடியாத கட்டங்களைத் தள்ளினால் இன்னும் குறைவு. இருபத்தைந்து அடி ஆழமுள்ள அந்தக் காட்டில் இருப்பது மொத்தமே எட்டாயிரம் மரம். கோடிக்கணக்கான கிளைகள் என்று தோன்றியது, அதே மரங்களை வேறுவேறு பாதையில் வந்து திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான். ஒரு முறை பார்த்ததைக் குறித்துவைத்துக்கொள்ளும் அட்டவணையைப் புரோகிராமில் சேர்த்ததும் 70ஆம் எண் சரணடைந்தது. இன்று செல்போன் கண்ணிமைக்கிற நேரத்தில் பதில் சொல்லிவிடும். ஜோடிக் கட்டங்களைப் பற்றி அது ஒன்றும் கற்றுக்கொண்டதால் அல்ல. வந்த வழியை மறக்காமல் இருந்ததால்.

மூன்றாவது வழியும் வந்தது. பெல் ஆராய்ச்சிக்கூடத்தின் கென் தாம்ஸன் போன்றவர்கள் ஆட்டத்தைப் பின்னாலிருந்து பிரித்தார்கள். ராஜா மாட்டிக்கொண்ட கடைசி நிலைகளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு அடியாகப் பின்னுக்குப் போய், எல்லா நிலைகளுக்கும் விடையை எழுதிவைப்பது. ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 2012ல் முடித்துவிட்டார்கள். ‘லொமனோசவ்’ என்று பெயர். 2018ல் ‘ஸிஸிஜி’ என்ற சுருக்கமான தொகுப்பிலும் ஏழு வந்துவிட்டது. ஏழு காய்க்குள் இனி சதுரங்கம் இல்லை, பஞ்சாங்கம்தான் இருக்கிறது. லாஸ்கரின் நிலையில் ஒன்பது காய்கள் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

2017க்குப் பிறகு வந்த நரம்புப் பின்னல் புரோகிராம்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. விலைப்பட்டியலைத் தூக்கியெறிந்துவிட்டு, தன்னோடு தானே கோடிக்கணக்கில் ஆடி, இந்த நிலையில் ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று மணம் பிடிக்கக் கற்றவை. நடு ஆட்டத்தில் அவற்றின் மூக்கு அபாரம். ஆனால் சிப்பாய் ஆட்டத்தில் வாய்ப்பு என்று ஒன்று கிடையாதே! ‘லீலா’ என்ற புரோகிராம் ஆரம்ப வருஷங்களில், ஜெயம் நிச்சயம் என்று தெரிந்துவிட்டால் முடிக்காமல் உலாத்திக்கொண்டிருக்கும். எந்த வழியில் போனாலும் நூற்றுக்கு நூறுதான், அப்புறம் எதற்கு அவசரம் என்பது போல. கடைசிச் சேலையை நெய்து முடித்தும் தறியிலிருந்து அறுக்காமல் வைத்துக்கொண்டிருப்பவனைப் போல என்று தறிக்காரரிடம் சொன்னேன். “அவனுக்குக் கூலி வேணாம் போல” என்றார்.

இனி சிங்கப்பூர். 2024 டிசம்பர் 12. உலக சாம்பியன் போட்டியின் பதினாலாவது, கடைசி ஆட்டம். சீனாவின் டிங் லிரன் வெள்ளை, சென்னையின் குகேஷ் கறுப்பு. அதுவரை ஆறரைக்கு ஆறரை. இருவருக்கும் ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷுக்கு இரண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று. யந்திரங்கள் டிரா என்றன, பார்த்துக்கொண்டிருந்தவர்களும் டிரா என்றார்கள். 55ஆவது நகர்வில் டிங் தன் யானையைக் குகேஷின் யானைக்கு எதிரில் கொண்டுவந்து வைத்தார். வெட்டிக்கொள்ளலாம், டிராவுக்கு இன்னும் பக்கத்தில் போய்விடலாம் என்பது போன்ற ஒரு நகர்வு. ஒளிபரப்புத் திரையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை இருக்கும், யந்திரத்தின் அபிப்பிராயத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். அது அந்தக் கணமே சரிந்தது.

டிங்கின் மந்திரி மூலைக் கட்டத்தில் நின்றது. மூலையில் நிற்கும் மந்திரிக்கு ஒரே ஒரு சாலைதான். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் மந்திரியை அந்தச் சாலையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். பக்கத்தில் அவருடைய ராஜா. வெள்ளை மந்திரி வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் காய் மாற்றம் தவிர்க்க முடியாது. ஒன்பது காய்கள் நாலே வெட்டில் ஐந்தாயின. ராஜாக்கள், இரண்டு சிப்பாய், ஒரு சிப்பாய். அதாவது, எவராலும் முழுக்கக் கணித்துவிட முடியாத இடத்திலிருந்து பஞ்சாங்கத்துக்குள் ஒரே படியில் இறங்கிவிட்டது ஆட்டம். வெள்ளை ராஜா முன்னேறியது. கறுப்பு ராஜா ஒரு கட்டம் இடைவிட்டு அதற்கு நேர் எதிரில் வந்து நின்றது. முட்டு. 58 நகர்வு. டிங் கைகொடுத்தார். பதினெட்டு வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

நான் சொல்ல வந்தது இதற்கடுத்தது. டிங்கின் அந்த நகர்வைப் பார்த்ததும் தனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை, யானையை வேறொரு கட்டத்துக்கு நகர்த்தத்தான் இருந்தேன் என்று குகேஷே ஆட்டம் முடிந்ததும் சொன்னார். பிறகுதான் மந்திரி மூலையில் மாட்டியிருப்பதும், மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் தனக்கு ஜெயம் என்பதும் கண்ணில் பட்டிருக்கின்றன. முன்னாள் சாம்பியன் கிராம்னிக் போன்றவர்கள், சிறுபிள்ளைத்தனமான பிழையில் பட்டம் கைமாறியதாக எழுதினார்கள். பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அப்படித்தான் தெரியும். பட்டை சரிந்த பிறகு காரணம் கண்டுபிடிப்பது எவ்வளவு சுலபம்! பட்டை இல்லாத இடத்தில், நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து, யானையை ஓரமாக நகர்த்தப்போன கையை நிறுத்தி எண்ணியது யார் என்பதுதான் கேள்வி. குகேஷைப் பயிற்றுவித்த சென்னையின் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் தரத்தைத் தொடும்வரை அவரை யந்திரப் புரோகிராம்களின் பக்கமே விடவில்லை என்பது பல பேட்டிகளில் வந்த செய்தி. விரல் மடக்கி வளர்ந்த பையன். அதற்காக அவருக்குத் தவறாது என்றில்லை. 2022ல் நம் மாமல்லபுரம் ஒலிம்பியாடில், பத்தாவது சுற்றில், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை அப்துசத்தாரவிடம் தோற்று, மேஜையில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்ததும் இதே பையன்தான்.

இந்தப் பட்டையை நாமும் வைத்திருக்கிறோம் என்பதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. நம் விமர்சனத்தில் பாதி, கவிதைக்குப் பக்கத்தில் ஏறியிறங்கும் பட்டைதான். முக்கியமான தொகுப்பு, தோல்வியுற்ற முயற்சி, இருபது வருஷத்தில் சிறந்த பத்து. தீர்ப்பு சரியாகவேகூட இருக்கலாம், யந்திரத்தின் தீர்ப்பும் சரிதானே. எந்த இடத்தில் முட்டு கைமாறியது என்று காட்டாதவரை அடுத்த கவிதையை வாசிக்க அது எனக்கு உதவாது.

தறிக்காரரின் மகன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது சிங்கப்பூர் ஆட்டத்தைச் செல்போனில் காட்டினான். அவர் செல்போனை வாங்கவில்லை. பலகையில் வைக்கச் சொன்னார். யானை எதிரில் வந்து நின்றதும், கையை முழங்காலில் வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். “அதான் ஜெயம்னு காட்டுதேப்பா” என்றான் மகன். “இருடா. எதுக்கு ஜெயம்னு கேளு” என்றார். அவன் திரையைத் தொட்டான். நகர்வுகள் வரிசையாக ஓடின, முப்பது நாற்பது நகர்வு, கடைசியில் ராணி. “வழி சொல்லுது. ஏன்னு சொல்லமாட்டேங்குதே” என்றார்.

இதில் யந்திரத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். ‘ஏன்’ என்பது அதற்குத் தேவையில்லை, எட்டாயிரம் நிலையையும் அது பார்த்தேவிடுகிறது. நமக்குத்தான் அத்தனையையும் சுமக்கத் திராணி இல்லை, அதனால் ‘முட்டு’ என்று ஒரு சொல் செய்துகொள்கிறோம். காரணம் என்பது இல்லாதப்பட்டவனின் சாமர்த்தியம். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு குணம் இருக்கிறது. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு, ஒரு பலகையிலிருந்து இன்னொரு பலகைக்கு அது கூடவே வருகிறது. பஞ்சாங்கத்தின் ஒரு விடை பக்கத்து வரிக்குக்கூட நகராது. சில சமயம் அந்தச் சொல் பலகையைவிட்டே இறங்கி வெளியே நடந்துவிடுகிறது.

தறிக்காரரின் வீட்டில் அவர் அப்பா காலத்தில் மூன்று தறி. இரண்டு போய்விட்டன. மூன்றாவதன் குழி நடையை ஒட்டிய அறையில் இருக்கிறது. தலைக்கு மேல் ஜக்கார்டுப் பெட்டி, ஓட்டை போட்ட அட்டைகள் மாலை போலத் தொங்குகின்றன. பூவேலைக்கு எந்த இழை தூக்க வேண்டும் என்பதை அந்த ஓட்டைகள் சொல்லும். பிரெஞ்சு பட்டுத்தறியின் இந்த அட்டையைத்தான் பாபேஜ் தன் கணக்கு யந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். சதுரங்கம் போன்ற ஆட்டங்களை ஆடும் யந்திரம் சாத்தியம் என்று 1864ல் தன் சுயசரிதையில் எழுதியவரும் அவரே. இதை நான் ஒரு முறை தறிக்காரரிடம் சொன்னேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒட்டடை அடிக்க வேண்டும் என்றார்.

மகன் சொல்வது இதுதான். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் நிற்கிறது, கூலி நெசவில் அது அடையப் போவதில்லை. தறியையும் பெட்டியையும் கொடுத்துவிட்டு, குழியை மூடிச் சிமெண்ட் போட்டு அறையை வாடகைக்கு விட்டால், முன்பணமும் தீரும், மாசம் ஒரு தொகையும் நிற்கும். ஒரு காகிதத்தில் இரண்டு பக்கமும் எழுதிக் கூட்டிக் கழித்துக் காட்டினான். நானும் பார்த்தேன். கணக்கில் ஒரு பைசா தப்பில்லை.

“கணக்கு சரிதான் சார்,” என்றார் அவன் போன பிறகு. “யானை வரைக்கும் கணக்குதான். குழிய மூடிட்டா அதுக்கப்புறம் நகத்த வேண்டியது யாரு? நானா, அவங்களா? அதை எழுதலையே அவன்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. வாடகைக்கு வருகிறவர் வராமல் போகலாம், அவருக்குக் கண் மங்கி நெய்ய முடியாமலே போகலாம், முதலாளி நாளைக்கே முன்பணத்தைக் கேட்கலாம். இது ஏழு காய் இல்லை. அவர் விரலை மடக்கத் தொடங்கியிருந்தார், தறியின் பக்கம் பார்த்துக்கொண்டு. பொங்கல் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. மகன் வாரத்துக்கு ஒரு முறை போனில் கேட்கிறான். பாவில் இன்னும் இரண்டு சேலை இருக்கிறது என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.